பாடகன் பாடிக்கொண்டிருக்கிறான்

இந்த சீட்டுக்கு யாரும் வாராங்களா சார்? இல்லையே? நல்லது. கோவில்பட்டியில இருந்து நின்னுக்கிட்டே போகணுமோன்னு பயந்துட்டேன். நீங்களும் தூத்துக்குடிதானா? அப்பப் பேசிக்கிட்டே போயிரலாம்.

நீங்க என்ன வேலை பாக்கீங்க? அப்படியா. சரி சரி. நான் துறைமுகத்துல ஒரு கிளியரிங் ஏஜென்சியில இருக்கேன். பேரு ரெமிஜியுஸ். ரெமின்னுதான் கூப்பிடுவாங்க. கப்பல்ல வர்ற பெட்டிக்கெல்லாம் பேப்பர் பாக்கற வேலை. ஆனா நான் அது இல்ல சார். நான் பாடகன். ‘கச்சான்’னு, கடக்கரையில அடிக்கற மேக்காத்துப் பேரு, ஒரு பேண்டு கேள்விப்பட்டிருக்கீங்களா? தமிழ்லயே எழுதி, தமிழ்லயே பாடுவோம். சினிமாப் பாட்டு கிடையாது, சொந்தப் பாட்டு. ரெண்டாயிரத்து அஞ்சுல ஒரு சிடி போட்டோம், எட்டு பாட்டு. ‘கரைக்கு யார் சொல்வது’ன்னு அதுக்குப் பேரு. கேக்கலையா? பரவால்ல. அந்தக் காலத்துல இந்தப் பக்கம் இருக்கற இன்ஜினியரிங் காலேஜ் பையன்ககிட்ட கேட்டிருந்தீங்கன்னா தெரிஞ்சிருக்கும்.

இப்ப சிவகாசி போயிட்டு வாரேன். ஒருத்தனைப் பாக்கப் போனேன். அந்தக் கதையைத்தான் சொல்லணும். சொல்லலேன்னா எனக்கு மண்டை வெடிச்சிரும் சார். என் பாட்டை ஒருத்தன் விளையாட்டாக்கிட்டான். கேலி பண்ணிட்டான்னு சொல்லல. நிஜமாவே விளையாட்டு, கம்ப்யூட்டர் விளையாட்டு.

முதல்ல ஆளுங்களைச் சொல்லிடறேன். பேண்டுல நாலு பேர். நான் பாட்டு. ஆன்றோ கிட்டார். ஜூடு டிரம்ஸ். மெல்கி, முழுப்பேரு மெல்கியோர், பேஸ் கிட்டார். பேஸ்னா அந்தத் தடித்த கம்பி நாலு இருக்குமே, தும்... தும்னு அடியில போற சத்தம், அது. பாட்டு எல்லாம் நான் எழுதினது. எட்டும். ‘போன படகு திரும்பலன்னு கரைக்கு யார் சொல்வது’ங்கற வரி மட்டும் மெல்கி ஒரு நாள் பேச்சுவாக்குல சொன்னான். பேச்சுவாக்குல ஆயிரம் பேர் ஆயிரம் சொல்லுவாங்க. எழுதினவன்தானே கவிஞன்? நீங்களே சொல்லுங்க. இல்ல, இருங்க, இதை முடிச்சிடறேன்.

மெல்கியோட அப்பா ஐஸ் கம்பெனியில ஆப்பரேட்டர். மெல்கியும் பள்ளிக்கூடம் முடிச்சதுல இருந்து அங்கதான், ஐஸ் உடைக்கிற மெஷின் பக்கத்துல. அதுக்குப் பின்னால ஒரு ரூம் சும்மா கிடந்தது. அங்கதான் நாங்க பிராக்டிஸ் பண்ணுவோம். முன்னால மெஷின் கடகடன்னு ஓடும், பின்னால நாங்க கத்துவோம். யாரும் எங்களைக் கேள்வி கேக்க முடியாது, கேட்டாலும் எங்களுக்குக் கேக்காது. அப்படி ஒரு சந்தோஷம்.

அவன்கிட்ட ஒரு பழக்கம் இருந்தது சார். வாசிக்கிறப்ப பேஸ் கிட்டாரைத் தூக்கி, அதோட மேல் கொம்பைப் பல்லுல கடிச்சுக்குவான். நான் நினைச்சேன் ஸ்டைல் பண்றான்னு. ‘ஏல, நாய் எலும்பைக் கடிக்கிற மாதிரி இருக்கு, விடுல’ன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன். சிரிப்பான். சில சமயம் ஸ்பீக்கர் பெட்டியில முதுகைச் சாய்ச்சு நிப்பான். சில சமயம் செருப்பைக் கழட்டிட்டு நிப்பான். இதெல்லாம் எதுக்குன்னு எனக்கு அப்பத் தெரியாது. யாருக்குத்தான் தெரியும்?

சிடி வந்து ஒரு வருஷத்துல அவன் வாசிப்பு கெட்டுப்போச்சு. ஒரு அடி பிந்தி வருவான். நான் நிறுத்தினா அவன் நிறுத்த மாட்டான். நான் பின்னால திரும்பிக் கையைக் காட்டணும். பாடறவன் பின்னால திரும்பிக்கிட்டே இருக்க முடியுமா சார்? பாட்டுதானே முக்கியம்?

ரெண்டாயிரத்து ஆறுல திருநெல்வேலியில ஒரு காலேஜ்ல பெரிய போட்டி. அதுல ஜெயிக்கறவங்களை மெட்ராஸ்ல ஒரு டிவி போட்டிக்கு அனுப்புவாங்க. நாங்க கடைசியா ‘கரைக்கு யார் சொல்வது’ பாடினோம். பிரமாதமாப் போச்சு. கடைசி வரியை இழுத்து, கையைத் தூக்கி, டக்குன்னு நிறுத்துறேன். ஆன்றோ நின்னுட்டான், ஜூடு நின்னுட்டான். கூட்டம் அமைதியா இருக்கு. அப்ப பின்னால இருந்து தும்... தும்... தும்னு பேஸ் மட்டும் போயிட்டே இருக்கு. கண்ணை மூடி, கிட்டாரைக் கடிச்சுக்கிட்டு, அவன் பாட்டுக்கு வாசிக்கிறான். முதல்ல ஒரு பொண்ணு சிரிச்சா. அப்புறம் மொத்த மைதானமும்.

நான் என்ன சார் பண்ணுவேன்? மைக் கையில இருக்கு. ரெண்டாயிரம் பேர் நம்மளைப் பாத்துச் சிரிக்கிறான். வாயில வந்ததைச் சொன்னேன். ‘ஏ, அவனுக்குக் காது கேக்காதுப்பா, விட்டுருங்க!’

அப்படி ஒரு கைதட்டு. விசில். பாட்டுக்குக்கூட அவ்வளவு வரல. மெல்கி கண்ணைத் திறந்தான். கூட்டம் சிரிக்கிறதைப் பாத்தான். என்னைப் பாத்தான். அவனும் சிரிச்சான், பெரிசா, கையை எல்லாம் ஆட்டி.

போட்டியில ஜெயிச்சோம். அன்னைக்கே திரும்பி வர்ற வேன்ல நான் அவன்கிட்டச் சொல்லிட்டேன், ‘நீ இனிமே வர வேண்டாம் மெல்கி, மெட்ராசுக்கு வேற ஆள் பாத்துக்கறோம்’னு. ‘ரெமி, ஒரு விஷயம்’னு ஆரம்பிச்சான். ‘முதல்ல நான் சொல்லி முடிச்சிடறேன்’னு நான் சொன்னேன். சொல்லி முடிக்கறதுக்குள்ள அவன் வீடு வந்திருச்சு. இறங்கிப் போயிட்டான்.

அவனாப் போனதுதான் சார். நான் துரத்தலையே. வர வேண்டாம்னுதான் சொன்னேன்.

மெட்ராஸ்ல முதல் சுத்துலயே தோத்தோம். புதுசா வந்த பையனுக்குப் பாட்டோட நாடி பிடிபடல. அப்புறம் ஆன்றோ தோகா போயிட்டான், ஜூடு அப்பா கடையைப் பாக்கப் போயிட்டான். கச்சான் முடிஞ்சு போச்சு. பதினேழு வருஷம். நான் மாதா கோயில் கொயர்ல பாடறேன், கல்யாண வீட்டுல கூப்பிட்டாப் பாடறேன். அவ்வளவுதான்.

இது என்ன ஊரு, எட்டயபுரமா? டீ குடிக்கறீங்களா? வேண்டாமா? நிக்க மாட்டான், விடுங்க.

போன மாசம் ஆன்றோ தோகாவுல இருந்து ஒரு லிங்க் அனுப்பினான். ‘மக்கா, நம்ம சிடியை எவனோ கேம் ஆக்கியிருக்கான், பாருல’ன்னு. எனக்குத் தலைகால் புரியல. பதினேழு வருஷம் கழிச்சு என் வரியை ஒருத்தன் ஞாபகம் வச்சிருக்கானேன்னு. பிரிஸ்காவைக் கூப்பிட்டேன், என் வீட்டுக்காரி. ‘இங்க வா, உன் புருஷன் யாருன்னு பாரு’ன்னேன். திறந்தா, ஒண்ணுமே இல்ல சார். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. படம் கிடையாது, பாட்டும் கிடையாது. நான் போன் சவுண்டைக் கூட்டிக் கூட்டிப் பாக்கறேன், ஹெட்போனை மாட்டிப் பாக்கறேன், ஒரு சத்தமும் வரல.

வெறும் எழுத்துதான். ‘நீ கரையில் நிற்கிறாய். தெற்கே பூட்டாத வீடு. வடக்கே கலங்கரை விளக்கம். கிழக்கே கடல். என்ன செய்கிறாய்?’ அவ்வளவுதான் இருக்கும். நீங்க பதில் டைப் பண்ணணும். ‘தெற்கே போ’ன்னு போட்டா அந்த வீட்டுக்குள்ள போயிருவீங்க. அங்க என்ன இருக்குன்னு எழுத்துலயே சொல்லும். ‘விளக்கை எடு’ன்னா எடுத்துக்கலாம். ‘கதவைத் திற’ன்னாத் திறக்கும். இப்படியே எழுதி எழுதி ஊரைச் சுத்தணும்.

‘பூட்டாத வீடு’ எங்க முதல் பாட்டு. ‘சாவி தொலைச்ச வீட்டுக்குக் காத்துதான் சொந்தக்காரன்’னு எழுதியிருந்தேன். அந்த விளையாட்டுல அந்த வீட்டுக்குள்ள போனா ஒரு காத்து உக்காந்திருக்கு சார், வீட்டுக்காரன் மாதிரி. ‘செருப்பை வெளியே விடு’ங்குது. என் வரிக்குள்ள நானே நடந்து போறேன்! மூணாவது பாட்டுல ஒரு தபால்காரன் வருவான், அவன் அங்க நிக்கறான். ஆறாவது பாட்டுல ஒரு கிணறு, அது இருக்கு. யாரோ ஒருத்தன் என் பாட்டை எழுத்து எழுத்தாப் படிச்சிருக்கான்.

ஒண்ணு மட்டும் எரிச்சலா இருந்தது. எந்த இடத்துக்குப் போனாலும் நான் முதல்ல ‘கேள்’னுதான் போட்டேன். பாட்டுல இருந்து வந்த விளையாட்டு, எங்கயாவது பாட்டு இருக்கும்லா? ‘கேள்’னு போட்டா, ‘யாரைக் கேட்கிறாய்?’னு திருப்பிக் கேக்குது. அதுல கேளுன்னா கேள்வி கேக்கறது மட்டும்தான். காதால கேக்கறதே கிடையாது. என்ன கூத்துடா இதுன்னு நினைச்சேன்.

அப்புறம்தான் சார் அந்தப் பாடகன் வந்தான்.

கரையில ஒரு படகு. அதுல ஒருத்தன் உக்காந்திருக்கான். ‘பாடகன் பாடிக்கொண்டிருக்கிறான். அவன் காலடியில் துடுப்பு இருக்கிறது.’ அந்தத் துடுப்பு இல்லாம மேற்கொண்டு போக முடியாது. ‘துடுப்பை எடு’ன்னு போட்டேன். ‘பாடகனின் கால் அதன்மேல் இருக்கிறது. பாடகன் பாடிக்கொண்டிருக்கிறான்.’ ‘பாடகனைக் கேள்’னு போட்டேன். ‘அவன் தன் ஊரைப் பற்றிச் சொல்கிறான். பாடகன் பாடிக்கொண்டிருக்கிறான்.’ ‘பாடகனைத் தள்ளு’ன்னேன். ‘அவன் தன் குரலைப் பற்றிச் சொல்கிறான்.’ ‘பாடகனிடம் நெருப்பு என்று சொல்’னுகூடப் போட்டுப் பாத்தேன். ‘அவன் அதற்கு ஒரு மெட்டுப் போடுகிறான். பாடகன் பாடிக்கொண்டிருக்கிறான்.’

மூணு வாரம் சார்! ஆபீஸ்ல, பஸ்ல, சாப்பிடும்போது, எந்நேரமும் அதேதான். என்ன போட்டாலும் அதே பதில். இது யாரைச் சொல்றான்? என்னைத்தானே? பேண்டுல பாடகன் நான் ஒருத்தன்தானே? அடுத்தவன் பேச்சைக் காதுல வாங்காத ஆளா நான்? உங்ககிட்ட இவ்வளவு நேரமாப் பேசிக்கிட்டு வாரேன், உங்களுக்கு அப்படித் தோணுதா? இல்லல்ல. அதான் சொல்றேன்.

பிரிஸ்காகிட்ட போனைக் கொடுத்து, ‘இந்த அநியாயத்தைப் பாரு’ன்னேன். அவ ரெண்டு நிமிஷம் படிச்சா. ‘காத்திரு’ன்னு போட்டா. ‘பாடகன் பாடிக்கொண்டிருக்கிறான்’னு வந்தது. மறுபடியும் ‘காத்திரு’ன்னு போட்டா. வெங்காயம் உரிச்சுக்கிட்டே, இடையில இடையில வந்து ‘காத்திரு’, ‘காத்திரு’ன்னு போட்டுட்டுப் போறா. இருபது தடவை இருக்கும். திடீர்னு எழுத்து மாறுது. ‘பாடகன் நிறுத்துகிறான். இப்போதுதான் உன்னைப் பார்க்கிறான். எவ்வளவு நேரமாக நிற்கிறாய் என்கிறான். காலை எடுத்துக்கொள்கிறான்.’

‘உனக்கு எப்படித் தெரிஞ்சது?’ன்னு கேட்டேன்.

‘பதினாறு வருஷப் பழக்கம்’னு சொல்லிட்டு அடுப்பைப் பாக்கப் போயிட்டா. என்ன பழக்கமோ. அவ இதுக்கு முன்னால ஒரு கேம் விளையாடி நான் பாத்ததில்ல.

துடுப்பை எடுத்துக்கிட்டுப் போனேன் சார். கடல்ல ரெண்டு இடம் தாண்டினா ஒரு கதவு. அதைத் திறந்தா... எனக்கு வார்த்தை வார்த்தையா ஞாபகம் இருக்கு. ‘நீ ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் உள்ள அறையில் இருக்கிறாய். நான்கு பேர் இருக்கிறார்கள். ஒருவனின் வாய் திறந்து திறந்து மூடுகிறது. ஒருவனின் விரல்கள் ஓடுகின்றன. ஒருவனின் கையில் குச்சிகள் ஏறி இறங்குகின்றன. நான்காவது ஆள் கிட்டாரின் கொம்பைக் கடித்துக்கொண்டிருக்கிறான்.’

நான் ‘கேள்’னு போட்டேன். கை தானாப் போட்டது.

‘பல்லில் கேட்கிறது’ன்னு வந்தது.

எந்தப் பாட்டுலயும் ஐஸ் கம்பெனி கிடையாது சார். அது எங்க நாலு பேருக்கு மட்டும்தான் தெரியும். இதைச் செஞ்சது யாருன்னு அப்பத்தான் விளங்குச்சு. அதுக்கப்புறம் ஒரே ஒரு இடம்தான் இருந்தது, மேடை. ‘பாடகன் மைக்கில் ஏதோ சொல்கிறான். எல்லோரும் சிரிக்கிறார்கள். நீயும் சிரிக்கிறாய்.’ அதோட நின்னு போச்சு. கீழ சின்னதா ஒரு வரி, ‘இந்த இடம் இன்னும் முடியவில்லை.’

ஆன்றோவுக்குப் போன் போட்டேன். ‘ஏல, இது மெல்கி வேலைல. எதுக்குல பாட்டே இல்லாமப் பண்ணியிருக்கான்?’னு கேட்டேன். ‘உனக்குத் தெரியாதா? அவனுக்குக் காது சுத்தமாப் போயிருச்சே. நம்ம கூட வாசிக்கிறப்பவே போயிட்டு இருந்ததாம்லா, அதான் கொம்பைக் கடிச்சு அதிர்வுல கேட்டிருக்கான்’ன்னான். எனக்கு அப்பத்தான் சார் தெரியும். அதிர்ந்து போயிட்டேன்.

விளையாட்டோட அடியில ஒரு மெயில் விலாசம் இருந்தது. எழுதினேன். ஒரே வரிப் பதில், சிவகாசியில ஒரு பிரஸ் பேரு, தெருப் பேரு, ‘நேர்ல வா ரெமி.’

அதான் இன்னைக்குக் காலையில போனேன். அங்க அவன் டிடிபி பாக்கறான். தினசரி காலண்டர்ல நல்ல நேரம், ராகுகாலம் எல்லாம் கோக்கறாங்களே, அது. பிரஸ் மெஷின் ஓடற சத்தத்துல எனக்கு நெஞ்சே அதிருது, அவன் கோயில்ல உக்காந்த மாதிரி அமைதியா உக்காந்திருக்கான். தலை நரைச்சிருச்சு. என்னைப் பாத்ததும் எந்திரிச்சுக் கட்டிப்பிடிச்சுக்கிட்டான். நான் பேச ஆரம்பிச்சேன். பதினேழு வருஷத்துப் பேச்சு சார். என் பாட்டை என்னைக் கேக்காம எடுத்தது, பாடகனை அப்படி எழுதினது, கச்சான் முடிஞ்சு போனதுல எனக்கு எவ்வளவு வேதனை, எல்லாம் சொன்னேன். அரை மணி நேரம் இருக்கும். அவன் என் வாயையே பாத்துக்கிட்டு இருந்தான். பொறுமையாத் தலையாட்டிக்கிட்டு இருந்தான்.

நான் முடிச்ச பிறகு கம்ப்யூட்டர்ல வெறும் பக்கம் ஒண்ணைத் திறந்து டைப் பண்ணினான். ‘பாதிதான் புரிஞ்சது. மீசை உதட்டை மறைக்குது. எழுது.’

நானும் எழுதினேன், அவனும் எழுதினான். ஒரே கீபோர்டு, மாத்தி மாத்தி. எப்படில இருக்கேன்னேன். நல்லா இருக்கேன்னான். கல்யாணம் ஆயிருச்சு, பொஞ்சாதி டீச்சர், ரெண்டு பிள்ளைங்க. பாட்டெல்லாம் மறந்து போகுது ரெமின்னான். மெட்டு முதல்ல போச்சு, அப்புறம் உன் குரல் எப்படி இருக்கும்ங்கறது போச்சு, வார்த்தை மட்டும் மிச்சம் இருந்தது, அதுவும் போறதுக்குள்ள எங்கயாவது கட்டி வைப்போம்னு பண்ணினேன்னான். எட்டு வருஷமாச்சாம் அதைக் கட்ட.

சண்டை போடப் போனவன் சார் நான்.

அப்ப அவன் எழுதினான். ‘ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நெல்லையில மேடையில நீ மைக்ல என்ன சொன்ன? எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். என்னன்னு இது வரைக்கும் எனக்குத் தெரியாது. ஆன்றோவைக் கேட்டேன், மறந்துட்டேன்னான். ஜூடும் அதையே சொன்னான். நீ சொன்னா அந்த இடம் முடிஞ்சிரும்.’

கீபோர்டை என் பக்கம் தள்ளினான்.

‘உனக்குக் கைதட்டச் சொன்னேன்’னு எழுதினேன். அழிச்சேன். ‘பேஸ் இல்லாமப் பாட்டு முடியாதுன்னு சொன்னேன்’னு எழுதினேன், அதையும் அழிச்சேன். ‘ஞாபகம் இல்ல’ன்னு எழுதினேன். அவன் பக்கத்துலயே உக்காந்து நான் எழுதறதையும் அழிக்கிறதையும் பாத்துக்கிட்டு இருக்கான் சார். எழுத்துல அதான் கஷ்டம். கடைசியில சொன்னதைச் சொன்னபடியே எழுதினேன். ‘அவனுக்குக் காது கேக்காதுப்பா, விட்டுருங்க.’

படிச்சான். ரெண்டு தடவை படிச்சான். அப்புறம் சிரிச்சான் சார். அதே சிரிப்பு. பிரஸ்ல வேலை பாக்கறவங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க. ‘சரியாத்தானே சொல்லியிருக்க’ன்னு எழுதினான். எந்திரிச்சு முகம் கழுவப் போனான். வர ரொம்ப நேரமாச்சு. வந்து உக்காந்து, இன்னொரு வரி எழுதினான்.

‘அப்ப உனக்குத் தெரியுமா?’

நான் ‘தெரியாது’ன்னு எழுதினேன்.

‘அது போதும்’னு எழுதினான். என் தோள்ல கையைப் போட்டுக்கிட்டான். கூட்டிட்டுப் போய் புரோட்டா வாங்கிக் கொடுத்தான், அவன் பிள்ளைங்க போட்டோவைக் காட்டினான். பஸ் ஸ்டாண்டுக்கு வந்து கோவில்பட்டி வண்டியில சன்னல் சீட்டு பிடிச்சுக் கொடுத்தான். வண்டி கிளம்பற வரைக்கும் சன்னல் வழியா என் கையைப் பிடிச்சுக்கிட்டே நின்னான்.

இதான் சார் நடந்தது. பாருங்க, மனுஷனுக்கு மனுஷன் நேர்ல பேசினா எதுவும்...

இருங்க, போன் அடிக்குது. மெசேஜ். மெல்கிதான். ‘முடிச்சுட்டேன், பாரு’ன்னு லிங்க் அனுப்பியிருக்கான். அதுக்குள்ளயா! பாருங்க, நீங்களும் பாருங்க. இதான் நான் சொன்ன கறுப்புத் திரை. கடைசி இடத்துக்கே போயிருது. ‘பாடகன் மைக்கில் சொல்கிறான்: அவனுக்குக் காது கேக்காதுப்பா, விட்டுருங்க. எல்லோரும் சிரிக்கிறார்கள். நீயும் சிரிக்கிறாய்.’ அப்படியே போட்டுட்டான். அதுக்குக் கீழ... ‘பாடகனுக்குத் தெரியாது.’ அவ்வளவுதான். ‘முற்றும்’னு போட்டிருக்கான்.

நல்லாத்தான் முடிச்சிருக்கான். இல்ல?

என்ன சார்? ஏதோ கேட்டீங்களே, பஸ் சத்தத்துல விழல.

உண்மையிலேயே தெரியாதான்னா?

இது எந்த இடம்? எப்போதும்வென்றான் தாண்டிட்டோமா. ஊரு வர இன்னும் அரை மணி நேரம் இருக்கு.

ஒரு பேப்பர் இருந்தது சார். போட்டிக்கு ஒரு வாரம் முந்தி மெல்கி எங்க வீட்டுக்கு வந்தான். அவன் வீட்டுக்கு வரவே மாட்டான், கூச்சப்படுவான். அன்னைக்கு வந்தான். கையில ஆஸ்பத்திரிப் பேப்பர், காது டெஸ்ட் எடுத்தது. கட்டம் போட்டு ரெண்டு கோடு, ரெண்டும் இறங்கி இறங்கிக் கீழ போகுது. ‘ரெமி, இதைப் பாரு. டாக்டர் சத்தத்துல நிக்காதங்கறார். என்ன பண்ணட்டும்?’னு கேட்டான். நான் பாத்தேன். புரிஞ்சது சார். படிச்சவன்தானே நான், கோடு இறங்கினா என்னன்னு தெரியாதா? ‘போட்டி முடியட்டும் மக்கா, அப்புறம் பேசிக்குவோம்’னேன். அந்தப் பேப்பரை மடிச்சு என் சட்டைப்பையில வச்சுக்கிட்டேன், நான் ஏதோ பாத்துக்கறேங்கற மாதிரி. அப்புறம் அவன்கிட்ட என் புதுப் பாட்டைப் பாடிக் காட்டினேன். அவன் என் வாயையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தான்.

அதனால மேடையில வாயில வந்ததைச் சொன்னேன்னு உங்ககிட்டச் சொன்னது இருக்குல்லா, அது அப்படி இல்ல. அது என் வாயிலயே இருந்தது. ஒரு வாரமா இருந்தது. ஜனங்க எங்களைப் பாத்துச் சிரிச்சப்ப, சிரிப்பு என் மேல விழாம அவன் மேல விழட்டும்னு எடுத்து வீசினேன். வேன்ல அவனை வர வேண்டாம்னதும் அதுக்காகத்தான். காது கேக்காதவனை மெட்ராசுக்குக் கூட்டிட்டுப் போய் என்னத்தை ஜெயிக்கறது?

இதை நான் யாருகிட்டயும் சொன்னதில்ல சார். பிரிஸ்காகிட்டகூட. உங்க பேரே எனக்குத் தெரியாது, உங்ககிட்டச் சொல்றேன்.

ஒரு நிமிஷம் இருங்க.

எழுதறேன். அவனுக்குத்தான். அழிக்கக் கூடாது இந்தத் தடவை. ‘மெல்கி. எனக்குத் தெரியும். அந்தப் பேப்பரைப் பாத்தப்பவே தெரியும். தெரிஞ்சுதான் மைக்ல சொன்னேன்.’ சரியா இருக்கா? மன்னிச்சுக்கோன்னு போடவா? போட வேண்டாம். அதைப் போட்டா அவன் ஏதாவது சொல்லித்தான் ஆகணும். இவ்வளவு போதும்.

அனுப்பிட்டேன்.

பாத்துட்டான். ரெண்டு டிக்கும் நீலம் ஆயிருச்சு. பதில் வரல. வேலை இருக்கும். அவன் ஐப்பசி மாசத்தைக் கோத்துக்கிட்டு இருப்பான்.

குறுக்குச்சாலை வந்திருச்சு, பாருங்க.

வருது. வந்திருச்சு சார். எனக்குக் கண்ணு தெளிவாத் தெரியல, கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்களேன். வேண்டாம், கொடுங்க, நானே படிக்கறேன்.

‘தெரியும் ரெமி. அந்தப் பேப்பரை நீ சட்டைப்பையில வச்சுக்கிட்டே. திருப்பித் தரல. வேற பேப்பர் எடுக்க மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இன்னைக்குக் காலையில கேட்டது, நீ சொல்றியான்னு பாக்கத்தான். சாயங்காலம் சொல்லியிருக்க. விளையாட்டுல எதையும் மாத்தப் போறதில்ல. அதுல நீ தெரியாதவனாவே இரு.’

அவ்வளவுதான் சார். கீழ ஒண்ணும் இல்ல.

இல்ல, நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்.

பஸ் ஸ்டாண்டு வந்திருச்சு. உங்க பை மேல இருக்கு பாருங்க. நீங்க இறங்குங்க சார். எல்லாரும் இறங்கட்டும். நான் கடைசியா வாரேன்.